அட்லாண்டிக் சிட்டியில் அடித்த ஜாக்பாட்டுக்கு எந்த மாநிலத்தில் வரி?

ஸ்லாட் மெஷினில் பெரிய தொகை விழுந்தால் மெஷின் தானாகப் பூட்டிக்கொள்ளும். மேலே விளக்கு எரியும். பணியாளர் ஒருவர் வந்து ஓட்டுநர் உரிமத்தையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் வாங்கிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது பணத்தோடு ஒரு தாளும் தருவார். சூதாட்ட வெற்றிக்கான அந்த வரிப் படிவத்தின் பெயர் டபிள்யூ-2ஜி. 2025 வரை ஸ்லாட்டில் 1,200 டாலர் விழுந்தாலே இந்தத் தாள் வந்துவிடும். 2026 முதல் அந்த எல்லை 2,000 டாலர்.

அந்தத் தாளில் 1-ஆம் கட்டத்தில் வென்ற தொகை, 4-ஆம் கட்டத்தில் மத்திய வரிப் பிடித்தம். பெரும்பாலோர் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். கீழே 13, 14, 15 என்று மூன்று கட்டங்கள் உண்டு. எந்த மாநிலம், அந்த மாநிலக் கணக்கில் எவ்வளவு வெற்றித்தொகை, அந்த மாநிலத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பவை அவை. பக்கத்து மாநிலத்துக்குப் போய் ஆடிவிட்டு வருபவருக்குச் சிக்கல் தொடங்குவது இந்த மூன்று கட்டங்களில்தான்.

ஒரே பணத்துக்கு இரண்டு மாநிலங்கள் கை நீட்டும். பணம் தன் மண்ணில் பிறந்தது என்பது சூதாட்ட விடுதி இருக்கும் மாநிலத்தின் வாதம். இவர் எங்கள் ஊர்க்காரர், உலகில் எங்கே சம்பாதித்தாலும் எங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது குடியிருக்கும் மாநிலத்தின் வாதம். சட்டப்படி இரண்டுமே சரி. ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை முழு வரி கட்டாமல் காப்பாற்றுவதுதான் பிற மாநில வரிக்கான கிரெடிட், அதாவது அங்கே கட்டிய வரியைச் சொந்த மாநில வரியில் கழித்துக்கொள்வது.

இதை மாநிலங்கள் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை என்று மட்டும் பார்க்கக் கூடாது. மேரிலாந்து முன்பு பிற மாநில வரிக்கு மாநில அளவில் கிரெடிட் கொடுத்தது. அதோடு சேர்த்து வசூலிக்கும் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளூர்ப் பிரிவு) வரியில் கொடுக்க மறுத்தது. வின் தம்பதியர் தொடுத்த அந்த வழக்கில் 2015 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் மேரிலாந்தின் முறை செல்லாது என்றது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை அது தண்டிக்கிறது என்பது காரணம். ஆனாலும் கிரெடிட்டை எந்தப் படிவத்தில், எந்த வருமானத்துக்கு, எவ்வளவு வரை கொடுப்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தில்தான் எழுதி வைத்திருக்கிறது. விவரம் தெரியாதவர் பணத்தை விடுவது அங்கேதான்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். பென்சில்வேனியாவின் பிலடெல்பியாவில் குடியிருக்கும், மணமாகாத ஒருவர். ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர். நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் ஸ்லாட்டில் 12,000 டாலர் விழுகிறது. வேறு வருமானமோ, அந்த ஆண்டில் வேறு ஆட்டமோ இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

நியூ ஜெர்சியில் என்ஜே-1040என்ஆர் என்ற வெளிமாநிலத்தவர் படிவம். உலகளாவிய மொத்த வருமானம் மணமாகாதவருக்கு 10,000 டாலரையும், தம்பதியருக்கு 20,000 டாலரையும் தாண்டினால், நியூ ஜெர்சி வருமானம் உள்ள வெளிமாநிலத்தவர் இதைத் தாக்கல் செய்ய வேண்டும். இங்கே பலரும் செய்யும் தவறு, 12,000 டாலருக்கு மட்டும் வரி போட்டுப் பார்ப்பது. அப்படிப் போட்டால் மிகக் கீழ்ப்படியான 1.4 சதவீதத்தில் 150 டாலர் சொச்சம்தான் வரும். நியூ ஜெர்சி அப்படிக் கணக்கிடுவதில்லை. முதலில் 1,02,000 டாலரும் தன் மாநிலத்திலேயே சம்பாதித்தது போல எடுத்துக்கொள்ளும். தனிநபர் விலக்கு 1,000 டாலரைக் கழித்து, 1,01,000 டாலருக்குப் படிப்படியாக ஏறும் விகிதங்களில் வரி போடும். அது 4,307 டாலர் வருகிறது. பிறகு அந்த மாநிலத்தில் பிறந்த பங்கை, அதாவது 1,02,000-இல் 12,000-ஐ, விகிதமாக எடுத்துப் பெருக்கும். கிடைப்பது 507 டாலர். சம்பளத்தில் ஒரு காசுக்குக்கூட நியூ ஜெர்சி வரி போடவில்லை. ஆனால் ஜாக்பாட்டை எந்தப் படியில் நிறுத்துவது என்று முடிவு செய்யச் சம்பளத்தைப் பயன்படுத்திக்கொண்டது.

இப்போது பென்சில்வேனியா. அங்கே எல்லா வருமானத்துக்கும் ஒரே விகிதம், 3.07 சதவீதம். 12,000 டாலருக்கு 368 டாலர். ஷெட்யூல் ஜி-எல் என்ற படிவத்தில், நியூ ஜெர்சியில் தாக்கல் செய்த ரிட்டர்னின் நகலையும் இணைத்து, கிரெடிட் கேட்க வேண்டும். கிடைக்கும் கிரெடிட் 507 அல்ல, 368. பென்சில்வேனியா தனக்கு வரவேண்டிய வரியை விட்டுக்கொடுக்குமே தவிர, இன்னொரு மாநிலம் கூடுதலாக வாங்கியதைத் தன் கஜானாவிலிருந்து திருப்பித் தராது. மிச்சம் 139 டாலர் போனது போனதுதான்.

அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அவர் குடியிருப்பது நியூ ஜெர்சி, ஜாக்பாட் விழுந்தது பென்சில்வேனியாவில். பென்சில்வேனியாவுக்கு 368 டாலர் கட்டுகிறார். நியூ ஜெர்சி தன் ஷெட்யூல் என்ஜே-சிஓஜே படிவத்தில் 507 வரை கிரெடிட் தரத் தயார். கட்டியது 368 என்பதால் அதைக் கழித்துக்கொண்டு மீதி 139-ஐ வாங்கிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் கையை விட்டுப் போவது அதே 507 டாலர்தான். அதில் எவ்வளவு எந்த மாநிலக் கஜானாவுக்கு என்பது மட்டும் மாறுகிறது. இரண்டு விகிதங்களில் எது அதிகமோ அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். கிரெடிட்டால் மொத்தச் சுமை அதற்குக் கீழே ஒருபோதும் இறங்காது. அதிகமாகக் கட்டியதைப் பெரும்பாலான மாநிலங்களில் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

இந்த இரண்டு மாநிலங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறதே என்று கேட்பார்கள். நியூ ஜெர்சியின் எடிசனில் குடியிருந்து பென்சில்வேனியாவில் வேலை பார்க்கும் நம்மவர் பலருக்கு அது தெரிந்த விஷயம்: வேலை பார்க்கும் மாநிலத்தில் சம்பளத்துக்கு வரி பிடிக்க மாட்டார்கள், குடியிருக்கும் மாநிலத்தில் மட்டும் கட்டினால் போதும். அந்த ஒப்பந்தம் சம்பளத்துக்கு மட்டும்தான். சூதாட்டப் பணம், லாட்டரி, வாடகை எதுவும் அதில் வராது. ஒப்பந்தத்தை நம்பி வெளிமாநில ரிட்டர்னே போடாமல் விட்டவருக்கு, டபிள்யூ-2ஜி நகல் ஏற்கெனவே அந்த மாநிலத்திடம் இருப்பதால், வட்டியும் அபராதமும் சேர்ந்த கடிதம் பின்னால் வரும்.

அடுத்த தவறு பிடித்தத்தைப் பற்றியது. 15-ஆம் கட்டத்தில் இருக்கும் தொகையை அப்படியே கிரெடிட் என்று எழுதிவிடுகிறார்கள். அது முன்பணம் மட்டுமே. கிரெடிட் கணக்குக்குத் தேவைப்படுவது வெளிமாநில ரிட்டர்ன் போட்டு முடித்தபின் கடைசியில் நிற்கும் உண்மையான வரி. விடுதி 700 டாலர் பிடித்திருந்து, ரிட்டர்னில் வரி 507 என்று வந்தால், 193 டாலர் அந்த மாநிலத்திடமிருந்து திரும்பி வரும். சொந்த மாநிலத்தில் 700-க்குக் கிரெடிட் கேட்டால் ஒரே பணத்தை இரண்டு இடத்தில் கேட்டதாகிவிடும். எதுவுமே பிடிக்கவில்லை என்றாலும் வரி உண்டு. ஸ்லாட், பிங்கோ, கீனோ மூன்றுக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுத்துவிட்டால் மத்திய அரசின் 24 சதவீத வழக்கமான பிடித்தம் கிடையாது. அது 5,000 டாலருக்கு மேற்பட்ட லாட்டரிப் பரிசு, பந்தயத் தொகையைப் போல 300 மடங்குக்குக் குறையாமல் விழுந்த 5,000 டாலருக்கு மேற்பட்ட வெற்றி போன்றவற்றுக்குத்தான். நியூ ஜெர்சியில் ஆண்டுக் கடைசியில் 400 டாலருக்கு மேல் பாக்கி நிற்கும் என்றால் காலாண்டு முன்பணமும் கட்ட வேண்டியிருக்கலாம்.

ஆகவே வேலையின் வரிசை முக்கியம். முதலில் மத்திய ரிட்டர்ன், அடுத்து வெளிமாநிலத்து ரிட்டர்ன், கடைசியாகச் சொந்த மாநிலம். மென்பொருளில் சொந்த மாநிலத்தை முதலில் முடித்துவிட்டால் கிரெடிட் கட்டம் காலியாகவோ, தவறான எண்ணோடோ நின்றுவிடும். வெளிமாநிலப் படிவத்தில் சம்பளமும் அந்த மாநிலத்தில் சம்பாதித்ததாக ஏறிவிடாமல், பிரித்துக் காட்டும் பத்தியில் சூதாட்டத் தொகை மட்டும் நிற்கிறதா என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இந்த வரிசை தலைகீழாக மாறும் இடம் ஒன்று உண்டு. கிரெடிட்டைச் சொந்த மாநிலம் தராமல், விளையாடப் போன மாநிலமே வெளிமாநிலத்தவருக்குத் தரும் ஏற்பாடு அது. அரிசோனா, கலிபோர்னியா, ஓரிகன், வர்ஜீனியா ஆகியவை தங்களுக்குள் இப்படி வைத்துக்கொண்டிருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ்காரர் ஒருவர் அரிசோனாவில் 12,000 டாலர் வென்றதாக வைத்துக்கொள்வோம். அரிசோனாவின் விகிதம் 2.5 சதவீதம்; சுமார் 300 டாலர். அவர் அதைக் கட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் கலிபோர்னியாவின் ஷெட்யூல் எஸ் படிவத்தில் கிரெடிட் கேட்டால் மறுத்துவிடுவார்கள். அரிசோனாவுக்குக் கட்டிய வரிக்குக் கலிபோர்னியாவாசிக்கு அங்கே இடமில்லை. செய்ய வேண்டியது, கலிபோர்னியாவில் அந்தத் தொகைக்கு எவ்வளவு வரி என்று முதலில் கணக்கிட்டு, அரிசோனாவின் 140என்ஆர் ரிட்டர்னோடு படிவம் 309-ஐ வைத்து, கிரெடிட்டை அரிசோனாவிடம் கேட்பது. நல்ல சம்பளம் வாங்குபவருக்குக் கலிபோர்னியா விகிதம் பல மடங்கு அதிகம் என்பதால் அரிசோனா வரி பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். தவறான மாநிலத்தில் கேட்டு மறுக்கப்பட்டவர், அரிசோனா ரிட்டர்னைத் திருத்திப் போட்டுத்தான் பணத்தை மீட்க வேண்டும். அதற்கும் காலக்கெடு இருக்கிறது. கலிபோர்னியாவின் கடிதம் தாமதமாக வந்தால் இரண்டு பக்கமும் கதவு அடைபட்டுப் போகலாம்.

வர்ஜீனியாவாசிகள் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். போட்டோமாக் ஆற்றுக்கு அக்கரையில் மேரிலாந்தின் நேஷனல் ஹார்பர். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து பாலம் கடந்தால் சூதாட்ட விடுதி. அங்கே வென்றால் மேரிலாந்து தன் மாநில வரியோடு வெளிமாநிலத்தவருக்கான சிறப்பு வரி ஒன்றையும் சேர்த்து வாங்கும். வீட்டுக்கு வந்து கிரெடிட் கேட்கலாம் என்று பார்த்தால், வர்ஜீனியாவின் சட்ட வாசகம் பிற மாநிலத்தில் உழைத்து ஈட்டிய வருமானம், தொழில் வருமானம், மூலதனச் சொத்து விற்ற லாபம் ஆகியவற்றைத்தான் பேசுகிறது. பொழுதுபோக்காக ஆடி வென்ற பணத்தை இதில் எந்த வகையில் சேர்ப்பீர்கள்? கிரெடிட் கிடைக்காது என்றே வைத்துக் கையில் பணத்தை ஒதுக்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். எல்லா மாநிலங்களும் எல்லா வருமானத்துக்கும் கிரெடிட் தரும் என்ற நம்பிக்கையில் ஜாக்பாட் முழுவதையும் செலவழித்துவிடாதீர்கள்.

இழப்பின் கணக்குக்கு வருவோம். உண்மையில் மனிதர்களை வாட்டுவது இதுதான். மத்தியக் கணக்கில் வென்றது முழுவதும் வருமானம். இழந்ததைத் தனியாக, ஷெட்யூல் ஏ படிவத்தில், வென்ற தொகை வரைக்கும் கழிக்கலாம். கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடாமல், சட்டம் மொத்தமாகத் தரும் நிலையான கழிவை எடுப்பவருக்கு அந்த வழி அடைபட்டது. 2025-இல் நிலையான கழிவு மணமாகாதவருக்கு 15,750 டாலர், தம்பதியருக்கு 31,500 டாலர் என்பதால், சில ஆயிரம் இழந்தவருக்கு அதைக் கழித்துக் காட்டுவதில் பயனே இல்லை. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டப்படி, 2026 முதல் இழப்பில் 90 சதவீதம் மட்டுமே கழிக்க முடியும்.

மாநிலங்களில் நிலைமை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. பென்சில்வேனியாவும் நியூ ஜெர்சியும் மத்தியக் கழிவுகளைப் பின்பற்றுவதில்லை. அந்த ஆண்டின் வெற்றியிலிருந்து இழப்பை நேரடியாகக் கழித்து நிகரத்துக்கு வரி போடுகின்றன. அதனால் அங்கே அந்த 90 சதவீத வெட்டும் இல்லை. ஆனால் விடுதிக்குப் போக ஆன பெட்ரோல், ஓட்டல் வாடகை போன்றவற்றைக் கழிக்க முடியாது.

இல்லினாயும் இண்டியானாவும் வேறு மாதிரி. இரண்டுமே ஷெட்யூல் ஏ கழிவுகளைக் கண்டுகொள்வதில்லை. சிகாகோவாசி ஒருவர் ஆண்டு முழுக்க எல்லை தாண்டி இண்டியானாவின் ஹேமண்டுக்குப் போகிறார். 4,000 டாலர் ஜாக்பாட் பத்து முறை விழுகிறது. டபிள்யூ-2ஜி கணக்கில் 40,000 டாலர். அதே ஆண்டில் அதே மெஷின்களில் 40,000 டாலரை இழந்தும் விடுகிறார். கையில் ஒரு டாலர் மிஞ்சவில்லை. 2025 விகிதத்தில் இண்டியானா 3 சதவீதம் வாங்கும், ஏறத்தாழ 1,200 டாலர். இல்லினாய் 4.95 சதவீதம், 1,980 டாலர். ஷெட்யூல் சிஆர் என்ற தன் கிரெடிட் படிவத்தின் மூலம் இண்டியானாவின் 1,200-ஐக் கழித்து மீதி 780-ஐ வாங்கிக்கொள்ளும். கிரெடிட் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது, ஆனாலும் சம்பாதிக்காத பணத்துக்கு அவர் 1,980 டாலர் கட்டியிருக்கிறார். இது அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும். வருமானத்துக்குத்தான் வருமான வரி. இங்கே வரி விழுவது வருமானமே இல்லாத இடத்தில்.

இந்தச் சுமையைக் குறைக்கச் சட்டத்துக்கு உட்பட்ட வழி ஒன்று இருக்கிறது: அமர்வு வாரியான கணக்கு. ஸ்லாட்டில் ஒவ்வொரு சுழற்சியையும் தனித்தனி வெற்றியாகப் பார்க்காமல், உட்கார்ந்து ஆடத் தொடங்கியதிலிருந்து எழுந்து போகும் வரை ஒரு அமர்வாக எடுத்து, அதன் நிகரத்தைக் காட்டுவது. மத்திய வரித்துறையான ஐஆர்எஸின் சட்டத் தலைமை அலுவலகம் 2008-இல் வெளியிட்ட குறிப்பு ஒன்று சாதாரண ஸ்லாட் ஆட்டக்காரருக்கு இதை ஏற்கிறது. இல்லினாயின் கணக்கு மத்திய ரிட்டர்னில் ஷெட்யூல் ஏ கழிவுகளுக்கு முன் வரும் மொத்த வருமானத்திலிருந்துதான் தொடங்குகிறது. மேலே அமர்வு நிகரமாகக் காட்டினால் கீழே மாநில வரியும் தானாக இறங்கும். ஆனால் அதற்குக் கையில் நோட்டு வேண்டும்: தேதி, விடுதி, மெஷின் எண், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், கொண்டுபோன பணம், கொண்டுவந்த பணம். விடுதியின் உறுப்பினர் அட்டையை வைத்து அவர்கள் தரும் ஆண்டு அறிக்கை துணைச் சான்றுதான். அதை மட்டும் நம்பினால் போதாது. ஒரு அமர்வில் வந்த நட்டத்தை இன்னொரு அமர்வின் லாபத்தோடு இப்படிச் சேர்த்துக் கழிக்கவும் முடியாது.

வருமான வரியே இல்லாத மாநிலங்கள் வரும்போது கிரெடிட் என்ற பேச்சே எழாது. கலிபோர்னியாக்காரர் லாஸ் வேகாஸில் 20,000 டாலர் வென்றால் நெவாடா ஒன்றும் கேட்காது, கலிபோர்னியா முழுமையாகக் கேட்கும். எதிர்த் திசையில், டென்னசியின் மெம்பிஸிலிருந்து மிசிசிப்பியின் டூனிகாவுக்குப் போய் ஆடுபவர். மிசிசிப்பி விடுதிகள் டபிள்யூ-2ஜி வெற்றியில் 3 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். அதுவே இறுதி வரி, ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெற முடியாது. டென்னசியில் கழிக்க வருமான வரியே இல்லை. வரி போடும் மாநிலத்திலிருந்து மிசிசிப்பிக்குப் போனவருக்கு வேறு தொல்லை: சொந்த மாநிலம் பிற மாநில ரிட்டர்னின் நகலைக் கேட்கும், மிசிசிப்பியிலோ அப்படி ஒரு ரிட்டர்ன் இல்லை. அந்த டபிள்யூ-2ஜி மட்டுமே சான்று. அதைத் தொலைக்கக் கூடாது.

லாட்டரிக்குச் சீட்டு வாங்கிய மாநிலம்தான் பிறப்பிடம். நியூ ஜெர்சி லாட்டரியில் 10,000 டாலர் வரை அங்கே வரி இல்லை. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் உண்டு. பென்சில்வேனியாவாசிக்கு நியூ ஜெர்சி சீட்டில் 9,000 டாலர் விழுந்தால், அங்கே வரி கட்டாததால் பென்சில்வேனியாவில் கிரெடிட்டும் இல்லை, 3.07 சதவீதம் முழுதாகக் கட்ட வேண்டும்.

2018-இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத் தடைச் சட்டத்தை நீக்கியபின், பலரும் ஆடுவது செல்போன் செயலியில். அங்கே பிறப்பிடத்தை முடிவு செய்வது, பந்தயம் கட்டிய நொடியில் நீங்கள் நின்ற இடம். பிலடெல்பியாவாசி வார விடுமுறைக்குக் கேப் மே கடற்கரைக்குப் போய் அங்கிருந்து பந்தயம் கட்டினால் அது நியூ ஜெர்சிப் பணம். செயலி ஆண்டு இறுதியில் மொத்தத் தொகையாகத் தரும் அறிக்கையில் இந்தப் பிரிவு தெரியாமல் போகலாம். பரிவர்த்தனைப் பட்டியலை முழுதாக இறக்கிக்கொண்டு, பயணத் தேதிகளை வைத்து மாநில வாரியாகப் பிரிப்பது உங்கள் வேலை.

எஃப்-1 விசாவில் படிக்க வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் 5 ஆண்டுகள் மத்திய வரிக் கணக்கில் நீங்கள் வெளிநாட்டவர். ஸ்லாட்டில் வென்றால் 30 சதவீதம் பிடிப்பார்கள். தாளும் டபிள்யூ-2ஜி அல்ல, 1042-எஸ். இழப்பைக் கழிக்க முடியாது. பிளாக்ஜாக், ரூலெட், கிராப்ஸ், பாக்கரட், பிக்-6 சக்கரம் ஆகிய ஐந்துக்கும் மட்டும் மத்திய வரி விலக்கு உண்டு. சில நாட்டவருக்கு அமெரிக்காவோடு அவர்கள் நாடு செய்துகொண்ட வரி ஒப்பந்தத்தின் மூலம் சூதாட்ட வெற்றிக்கு முழு விலக்கு கிடைக்கிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே சொல்லும் மாநிலக் கிரெடிட்டால் அந்த 30 சதவீதத்தில் ஒரு காசு குறையாது. அது ஒரு மாநில வரியை இன்னொரு மாநில வரியில் கழிக்க மட்டும்தான்.

கடைசியாக, பலரும் மறந்துவிடும் ஒரு கடமை. வெளிமாநிலம் பின்னாளில் உங்கள் ரிட்டர்னைத் திருத்தி வரியைக் கூட்டினாலோ குறைத்தாலோ, சொந்த மாநிலத்தில் வாங்கிய கிரெடிட்டும் மாற வேண்டும்; அங்கேயும் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும். குறைந்ததைச் சொல்லாமல் விட்டால் மாநிலங்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும்போது வெளியே வரும். கூடியதைச் சொல்லாமல் விட்டால் நட்டம் உங்களுக்கு. டபிள்யூ-2ஜி, வெளிமாநில ரிட்டர்னின் கையெழுத்திட்ட நகல், வரி கட்டிய ரசீது, ஆட்ட நோட்டு நான்கையும் ஒரே உறையில், அந்த வரி ஆண்டைப் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட்டைச் சரிபார்க்கும் கடிதம் வந்தால், கேட்பது இவற்றைத்தான்.